கதவு திறந்தால் வண்டி நிற்கும்

அத்தியாயம் 14

ஒன்பது நாளாக லிஃப்ட்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதில் கடைசி ஆறு நாளாக அவர் வீடு நிறைந்திருந்தது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான் என்று நினைக்கும்போதெல்லாம் மனிதருக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

நாலு ரோடு சந்திப்பில் மகளின் கார் நட்டநடுவே நின்றுபோனதையும், பின்னால் வந்த பஸ் பிரேக் அடித்தும் போதாமல் இடித்ததையும், பின்சீட்டில் இருந்த பாப்பாவுக்குப் புருவத்தில் மூன்று தையல் விழுந்ததையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மகளும் மறக்கவில்லை. வண்டி வாங்கிப் பதினாலு மாசம்தான் ஆகிறது, மூன்று வருஷ வாரண்டி இருக்கிறது, கேட்டுவிடலாம் என்று சர்வீஸ் சென்டருக்குப் போனாள். "யாரோ வெளியில ஒயரை அறுத்து ஒட்டியிருக்காங்க, வாரண்டி செல்லாது" என்று கையை விரித்துவிட்டார்கள்.

அந்த 'யாரோ' தன் புருஷன்தான் என்று அவள் அங்கேயே முடிவு கட்டிவிட்டாள். அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. மாப்பிள்ளைக்கு உத்தியோகம் டைல்ஸ் கடையில் என்றாலும் உயிரெல்லாம் காரில்தான். வண்டி வந்த மூன்றாம் மாசமே பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஃபாக் லைட் மாட்டிக்கொண்டு வந்து நின்றவர் அவர். பனி என்பதே எட்டிப் பார்க்காத ஊரில் ஃபாக் லைட் எதற்கு என்று அவள் கேட்ட கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

முதல் இரண்டு நாள் மாப்பிள்ளை "நான் இல்லவே இல்ல" என்று சத்தியம் செய்தார். மூன்றாம் நாள் காலையில், என்ன நினைத்தாரோ, "ஆமா, நான்தான் போட்டேன்" என்று சொல்லிவிட்டார். அன்று சாயங்காலமே மகள் இரண்டு பெட்டியோடும் பாப்பாவோடும் அப்பா வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

லிஃப்ட்காரர் பெட்டிகளை வாங்கி உள்ளே வைத்தார். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

அந்த ஒயரைப் போட்டவரே அவர்தான்.

முப்பத்து நாலு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். லிஃப்டில் ஒரு ஏற்பாடு உண்டு. கதவு ஒரு விரல் அகலம் திறந்திருந்தாலும் மோட்டாருக்குக் கரண்ட் போகாது, பெட்டி நகராது. கதவு மூடினால் மட்டும் கரண்டைச் சேர்க்கும் அந்தக் காண்டாக்ட் சரியாக இருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துப் பார்த்தே அவர் ஆயுசில் பாதி போயிருக்கிறது.

இரண்டு மாசம் முன்பு, ஓடிக்கொண்டிருந்த காரில் பாப்பா பின்கதவின் கைப்பிடியைப் பிடித்து இழுத்துவிட்டாள் என்று மகள் போகிறபோக்கில் சொன்னாள். "நல்லவேளை, சைல்ட் லாக் போட்டிருந்தேன்பா" என்று சிரித்தாள். லிஃப்ட்காரருக்கு அது சிரிப்பாக இல்லை. பூட்டைப் போட மனுஷன் மறப்பான், காண்டாக்ட் மறக்காது. இது அவர் கட்சி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளும் மாப்பிள்ளையும் பைக்கில் சினிமாவுக்குப் போனார்கள். வண்டியைக் கழுவி வைக்கிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டார். பாப்பா டார்ச் பிடித்தாள். இன்ஜினுக்குப் பெட்ரோல் ஏற்றும் பம்புக்குப் போகும் கரண்ட் லைனை அறுத்து, பின்கதவுக்குக் கொண்டுபோய், அங்கே ஒரு காண்டாக்ட் வைத்து இணைத்தார். கதவு திறந்தால் பம்ப் நிற்கும், பம்ப் நின்றால் இன்ஜின் நிற்கும். நாலு முறை திறந்து பார்த்தார்; நாலு முறையும் இன்ஜின் சொன்ன பேச்சு கேட்டு அடங்கியது. பாப்பா கை தட்டினாள்.

"அம்மாகிட்ட சொல்லாத. நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்" என்று கண்ணடித்தார். சொன்னால் மகள் கழட்டச் சொல்வாள் என்று அவருக்குத் தெரியும்.

லிஃப்ட் பாதியில் நின்றால் உள்ளே இருப்பவர் பத்திரமாக நிற்பார். நடுரோட்டில் கார் நின்றால் பின்னால் பஸ் வரும். இந்தச் சின்ன வித்தியாசம் அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் மூளைக்கு எட்டவே இல்லை.

சர்வீஸ் சென்டரிலிருந்து திரும்பிய அன்றைக்கு மகள் சொன்ன வார்த்தைதான் அவர் வாயைக் கட்டிப்போட்டது. "இந்த வேலையைப் பண்ணவங்க யாரா இருந்தாலும் சரி, அவங்க கையில என் புள்ளைய இனிமே தனியா விட மாட்டேன்."

தினமும் மூன்றரை மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் பாப்பாவின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொள்வது முதல், ஆறரைக்கு மகள் வந்து கூட்டிப்போவது வரை மூன்று மணி நேரம். மனைவி இறந்துபோன ஐந்து வருஷத்தில் லிஃப்ட்காரருக்கு ஒரு நாள் என்பதே அந்த மூன்று மணி நேரம்தான். உண்மையைச் சொன்னால் அது போய்விடும். சொல்லாததால் என்ன ஆயிற்று? பள்ளிக்கூடம் விட்டால் பாப்பா ராத்திரியும் இவர் வீட்டிலேயே இருக்கிறாள், மாப்பிள்ளை அங்கே தனியாக ரொட்டியைத் தின்றுகொண்டு கிடக்கிறார். செய்த தப்புக்குப் பரிசு கிடைத்த மனிதர் என்று யாராவது இருந்தால் அது இவர்தான். அந்தப் பரிசு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

இன்று மதியம் இரண்டு மணிக்கு வாரண்டியை முடிவு செய்யும் கடைசிப் பரிசோதனை. வண்டியின் சொந்தக்காரர்கள் நேரில் வர வேண்டும் என்று கடிதம் வந்திருந்தது. லிஃப்ட்காரர் 'சும்மா துணைக்கு' வந்தார்.

சர்வீஸ் சென்டரின் உள்ளே மஞ்சள் கோடு ஒன்று போட்டிருந்தார்கள். அதைத் தாண்டி வாடிக்கையாளர்கள் போகக் கூடாது. கோட்டுக்கு அந்தப் பக்கம் பின்சீட்டைக் கழட்டிப் போட்டு, வாசற்படித் தகட்டைப் பெயர்த்து வைத்து, வண்டி ஒயரும் கையுமாக நின்றது.

வாரண்டி பார்க்கிற பெண்மணிக்கு ஐம்பது வயசிருக்கும். கழுத்தில் கண்ணாடி, கையில் பேனா அளவு டார்ச். அங்கே எல்லோருக்கும் அவர் 'வாரண்டி மேடம்'.

"முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன்" என்று ஆரம்பித்தார். "வெளியில எதை மாட்டினாலும் வாரண்டி மொத்தமா போச்சுன்னு ஒரு பேச்சு இருக்கு. அப்படியெல்லாம் இல்ல. மாட்டினது எது, கெட்டுப்போனது எது, ரெண்டுக்கும் தொடர்பு இருக்கா? நான் அதைத்தான் பார்ப்பேன்."

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். "அப்போ என் ஃபாக் லைட்..."

"அதுக்குத் தனி ஃப்யூஸ், தனி ஒயர். ஒழுங்கா மாட்டியிருக்காங்க. இந்தக் கோளாறுக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல."

மாப்பிள்ளை பெருமையாகப் பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தார். அவள் சுவரில் இருந்த ஃபேனைப் பார்த்தாள். ஆறு நாளாக அவருக்கு முகம் கொடுத்துப் பேசாதவள். இன்றைக்கு ஃபாக் லைட்டுக்காகவா பேசப் போகிறாள்?

"பிரச்சினை இங்க" என்று மேடம் குனிந்து டார்ச் அடித்தார். "பெட்ரோல் பம்ப் லைன் நடுவுல எதையோ சேர்த்திருக்கீங்க. அந்த ஒயர் கதவு கீல் பக்கம் மடங்கி மடங்கித் தோல் உரிஞ்சு, பாடில பட்டிருக்கு. பம்ப் நின்னுடுச்சு. இன்ஜின் கம்ப்யூட்டரும் எரிஞ்சிடுச்சு. எதுக்கு சார் போட்டீங்க?"

"அது... உள்ள ஒரு லைட்டுக்கு."

"லைட்டுக்கு யாராவது பம்ப் லைனை அறுப்பாங்களா?"

"ரெண்டு லைட்" என்றார் மாப்பிள்ளை.

மேடம் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அவரை நன்றாகப் பார்த்தார். "சரி, எத்தனை இடத்துல அறுத்தீங்க?"

"அங்கதான் மேடம். அந்தப் பக்கமா." கையை வண்டி முழுக்கச் சுற்றிக் காட்டினார். பானெட்டும் அதில் அடக்கம்.

"சார், நான்தான் போட்டேன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க. ஆனா என்ன போட்டீங்கன்னு உங்களுக்கே தெரியல. எத்தனை இடத்துல கை வெச்சிருக்குன்னு தெரியாம நான் எதை நம்பறது? மொத்த ஒயரிங்கையும் வாரண்டில இருந்து எடுத்துடறதைத் தவிர எனக்கு வேற வழி இல்ல. பிரேக் சென்சார், ஏர்பேக் எல்லாம் அதோட சேர்ந்து போயிடும். இனிமே அதுல எது கெட்டாலும் எங்களைக் கேட்க முடியாது." ஒரு தாளை நீட்டினார். "சம்மதம்னா இங்க கையெழுத்துப் போடுங்க."

மகள் முதல் முறையாகப் புருஷனைப் பார்த்துப் பேசினாள். "போடுங்க. செய்யும்போது யோசிக்கல இல்ல?"

மாப்பிள்ளை பேனாவை வாங்கிக்கொண்டார்.

லிஃப்ட்காரருக்கு அந்த 'ஏர்பேக்' என்ற வார்த்தை காதிலேயே நின்றது. கதவைப் பார்த்துக்கொள்ளப் போய், பாப்பா உட்காரும் வண்டியில் எதையுமே யாரும் பார்த்துக்கொள்ளாதபடி செய்துவிட்டோம் என்று உறைத்தது. பேனா தாளைத் தொட்டது.

"கையெழுத்துப் போடாதீங்க மாப்பிள்ளை."

மாப்பிள்ளை திரும்பவில்லை. பல்லுக்குள்ளேயே, "மாமா, நீங்க சும்மா இருங்க" என்றார்.

அந்தக் குரலில் ஆச்சரியமே இல்லை. இவருக்குத் தெரியும் என்பது அப்போதுதான் லிஃப்ட்காரருக்குப் புரிந்தது. தெரிந்தும் ஏன்? யோசிக்க நேரமில்லை. மஞ்சள் கோட்டைத் தாண்டிப் போய், முட்டியைப் பிடித்துக்கொண்டு வண்டியின் வாசற்படி ஓரம் உட்கார்ந்தார்.

"மூணு இடம் மேடம். சீட்டுக்கு அடியில ரெண்டு, கதவுத் தூணுல ஒண்ணு. டேப் சுத்தி நூல் கட்டியிருக்கும், பாருங்க. வேற எங்கயும் கை வெக்கல. கதவு திறந்தா பம்ப் நிக்கணும்னு போட்டேன். லிஃப்ட்ல அப்படித்தான் இருக்கும்."

மேடம் டார்ச்சைத் திருப்பிப் பார்த்தார். மூன்றும் அங்கேயே இருந்தன.

"மடங்குற இடத்துக்கு வேற ஒயர் போடணும் மேடம். உள்ள மெல்லிசா நிறைய இழை இருக்கிற ஒயர். அது எனக்குத் தெரியும். என் சர்வீஸ்ல ஒரு நாளும் அதை மாத்திப் போட்டதில்ல. அன்னிக்கு வீட்டுல கிடந்ததை வெச்சு ஒப்பேத்திட்டேன். சினிமா முடிஞ்சு அவங்க வந்துடப் போறாங்கன்னு அவசரம்."

மகள் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். எந்தக் குழாயில், எந்த நாளில், எப்படி அழுக்கு சேர்ந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுவதுதான் அவள் தொழில். அதே குரலில் இப்போது கேட்டாள்.

"இது எப்போப்பா?"

"ரெண்டு மாசம் ஆச்சும்மா."

"ஆஸ்பத்திரியில தையல் போடும்போது நீங்கதானே பாப்பா கையைப் பிடிச்சிட்டு நின்னீங்க?"

"ஆமா."

"அப்பவே தெரியுமா?"

பொய் சொல்ல இன்னும் ஒரு இடம் இருந்தது. லிஃப்ட்காரர் அதை எடுத்துக்கொள்ளவில்லை. "வண்டி நின்னுடுச்சுன்னு நீ போன்ல சொன்னப்பவே தெரியும்."

அவள் வெளியே காத்திருக்கும் அறைக்குப் போய்விட்டாள்.

மேடம் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதுசாக எழுதினார். பம்புக்கும் கம்ப்யூட்டருக்கும் வாரண்டி கிடையாது. அது இவர் போட்டதால் கெட்டது. மூன்று இடத்தையும் பிரித்துக் கம்பெனி ஒயர் மாற்றினால் மற்றதெல்லாம் பழையபடி வாரண்டியில் இருக்கும். எதற்கும் பங்கமில்லை. "முதல் நாளே சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதே சார்" என்றவர், கையெழுத்து வாங்கும்போது குரலைத் தாழ்த்தி, "ஜாயின்ட் மட்டும் ரொம்ப சுத்தம்" என்றார்.

வேறு சமயமாக இருந்தால் அந்த ஒரு வார்த்தையை லிஃப்ட்காரர் ஒரு வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பார். இன்றைக்கு நிமிர்ந்து பார்க்கக்கூட முடியவில்லை.

காத்திருக்கும் அறையில் மகள் ஓரத்து நாற்காலியில் இருந்தாள். இரண்டு ஆண்களும் பள்ளிக்கூடத்தில் தண்டனைக்கு நிற்பவர்களைப் போல அவள் முன்னால் நின்றார்கள். அவள் அப்பாவைப் பார்க்கவில்லை, புருஷனைத்தான் பார்த்தாள்.

"ரெண்டு நாள் இல்லன்னீங்க. மூணாம் நாள் ஆமான்னீங்க. ஏன்?"

"விடு. அதான் முடிஞ்சுதே."

"அப்பாதான் போட்டார்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"விடுன்னு சொல்றேன்ல."

"விட மாட்டேன். உங்களை என்னெல்லாம் பேசிட்டேன்! வாயை மூடிட்டு வாங்கிட்டீங்க. ஏன்னு எனக்குத் தெரியணும்."

மாப்பிள்ளை மாமனாரை ஒரு பார்வை பார்த்தார். கோபமான பார்வை இல்லை. 'மன்னிச்சுக்குங்க' என்பது போன்ற பார்வை.

"பாப்பா சொன்னா."

லிஃப்ட்காரர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"அன்னிக்குக் காலையில ஷூ மாட்டிவிட்டுட்டு இருந்தேன். திடீர்னு அழுதா. 'நீ போடலப்பா, தாத்தாதான் போட்டாரு, நான்தான் டார்ச் பிடிச்சேன். அம்மாகிட்ட சொல்லாதன்னு தாத்தா சொன்னாரு. அம்மா உன்னைத் திட்டும்போது எனக்கு வயிறு வலிக்குது'ன்னா. அப்புறம் கேட்டா, 'நான் உன்கிட்ட சொல்லிட்டேன்ல, இனிமே தாத்தா என்னைக் கூப்பிட வர மாட்டாரா?'ன்னு." மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆறு வயசுக் குழந்தை. இந்தப் பக்கம் தாத்தா, அந்தப் பக்கம் அப்பா. என்ன பண்ணுவா? நான்தான் போட்டேன்னு சொல்லிட்டா இந்தப் பேச்சே நின்னுடும், அவளை யாரும் எதுவும் கேட்க மாட்டாங்கன்னு தோணுச்சு. சொல்லிட்டேன்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ டயரை உருட்டிக்கொண்டு போனார்கள்.

லிஃப்ட்காரர் மெதுவாக உட்கார்ந்தார். இந்த ஒன்பது நாளில் பாப்பாவை இழந்துவிடுவோமோ என்று ஒன்பதாயிரம் முறை நினைத்திருப்பார். அந்த ரகசியத்தைப் பாப்பாவும் சுமந்துகொண்டிருக்கிறாளே என்று ஒரு முறை, ஒரே ஒரு முறை நினைக்கவில்லை. கண்ணடித்துச் சொன்னதை அவர் அன்றைக்கே மறந்துவிட்டார். பாப்பா சத்தியமாக எடுத்துக்கொண்டாள். வீட்டில் அவள் பேச்சில்லாமல் ஒரு மூலையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். தையல் வலிக்கிறது போலிருக்கிறது என்று இவர் பிஸ்கட்டைக் கொண்டுபோய் நீட்டினார். "வலிக்குதாடா?" என்று கேட்டார். "இல்ல தாத்தா" என்றாள். அப்படியும் புரியவில்லையே என்று தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

"ஒயரைப் போட்டதுக்குத் திட்டியிருப்பேன்பா" என்றாள் மகள். கண் நிறைந்திருந்தது. "ரெண்டு நாள் திட்டிட்டு விட்டிருப்பேன். உங்களுக்கு அவ மேல பாசம்னு எனக்குத் தெரியாதா? ஆனா இது... இதை என்ன சொல்லித் திட்டறதுன்னே எனக்குத் தெரியல."

"சொல்ல வேண்டாம்மா. தப்பு என்னோடதுதான். முழுக்க என்னோடது."

மணி மூன்று அடித்து ஐந்து நிமிஷம். லிஃப்ட்காரரின் கால்கள் பழக்கத்தில் எழுந்துவிட்டன. பிறகு யோசித்து, மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

"நான் போய்க் கூட்டிட்டு வர்றேன்" என்று மகள் கைப்பையை எடுத்தாள்.

"மூணு பேருமே போலாம்" என்றார் மாப்பிள்ளை. "மாமா வரட்டும். இனிமே எதையும் மறைக்க வேண்டாம்னு அவர் வாயால சொன்னாத்தான் அவ நம்புவா. நான் சொல்லியோ நீ சொல்லியோ ஆகாது."

மகள் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "வரட்டும். சொல்லட்டும்" என்றாள். "ஆனா நாளையில இருந்து அவளை யார் கூட்டிட்டு வரணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன். அதுல யாரும் தலையிடாதீங்க."

டாக்ஸியில் மகளும் மாப்பிள்ளையும் பின்னால் உட்கார்ந்தார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் கைப்பை ஒன்று இருந்தது; பாதி வழியில் அதை அவள் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். லிஃப்ட்காரர் முன்சீட்டில் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே வந்தார். தாத்தா தப்பு பண்ணிட்டேன். அப்பா பண்ணல. நீ அப்பாகிட்ட சொன்னதுதான் சரி. இனிமே தாத்தாவே சொல்லாதன்னு சொன்னாலும் நீ சொல்லணும். எளிய வார்த்தைகள்தான். மாப்பிள்ளை நின்ற இடத்தில் முதல் நாளே தான் போய் நின்றிருந்தால் எப்போதோ சொல்லியிருக்கலாம்.

மணி அடித்தது. கேட் திறந்தது. புருவத்தில் பிளாஸ்திரியும் முதுகில் பையுமாகப் பாப்பா வந்தாள். தாத்தாவைப் பார்த்ததும் வழக்கம்போல ஓட ஆரம்பித்தாள்.

பாதி தூரத்தில் பின்னால் நின்ற அம்மாவையும் அப்பாவையும் பார்த்துவிட்டாள். ஓட்டம் நடையானது. அம்மா முகத்தைப் பார்த்தாள், அப்பா முகத்தைப் பார்த்தாள். பிறகு நேராகத் தாத்தாவிடம் வந்து, அவர் சட்டை நுனியைப் பிடித்துக் கீழே இழுத்தாள். லிஃப்ட்காரர் குனிந்தார்.

யாரும் எதுவும் கேட்கும் முன்பே, அவர் காதுக்குள் அவசரமாகச் சொன்னாள்:

"நான் யார்கிட்டயும் சொல்லல தாத்தா."

பாப்பா அவரிடம் சொன்ன முதல் பொய் அது. டாக்ஸியில் கோத்து வைத்த வார்த்தைகளில் ஒன்றுகூட அவருக்கு வரவில்லை. அப்படியே குனிந்தபடி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இரண்டடி தள்ளி மகள் நின்றிருந்தாள். குழந்தை சொன்னது அவள் காதிலும் விழுந்திருந்தது.